கம்பி தருவது ஐந்து நிமிடம்

திருகோணமலையிலிருந்து புறப்படும் இரவு மெயில் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால், கொழும்பு கோட்டையில் இறங்கும்போது இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். தேத்தண்ணிக் கடைக்காரர் மட்டும் விழித்திருப்பார். நான் சொல்லப்போகும் நாளில் வண்டி ராகமைக்கு வந்ததே காலை ஆறே முக்காலுக்கு. அங்கிருந்து கோட்டைக்கு ஏறத்தாழ பதினைந்து கிலோமீற்றர். அதைக் கடக்க ஐம்பத்தைந்து நிமிடம் எடுத்தது. சைக்கிளில் போனாலும் கிட்டத்தட்ட அந்த நேரத்துக்குப் போய்விடலாம்.

பிந்தினதுக்குக் காரணம் யாருடைய கவனக்குறைவும் இல்லை. கல்ஓயாச் சந்தி தாண்டி ஹபரணைக் காட்டுக்குள் வண்டி ஊர்ந்துதான் போகும். 2025 பெப்ரவரியில் கல்ஓயாப் பக்கம் பயணிகள் வண்டி மோதி ஆறு யானைகள் செத்த பிறகு அதை யாரும் குறை சொல்வதில்லை. அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஊர்ந்தது. பிறகு ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்காகக் காத்திருப்பு. மாகோவுக்கு வரும்போது ஒன்றரை மணித்தியாலம் பிந்திவிட்டது, ராகமையில் இரண்டரை.

எனக்கு எதிரே இருந்தவர் ஒரு காலத்தில் எஞ்சின் ஷெட்டில் வேலை பார்த்தவர். கண் கிளினிக்குக்குப் போகிறார். ராகமை தாண்டி மூன்றாம் தடவை வண்டி நின்றபோது சொன்னார்: “தம்பி, மெயில் ஒருக்கா தன்ர நேரத்தைத் தவறவிட்டா பிறகு அதுக்கு இடமில்லை. இனி ஒஃபிஸ் வண்டியளின்ர நேரம்.”

பக்கத்துப் பாதையில் ஒரு பவர் செட், அதாவது எஞ்சினைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் டீசல் வண்டி, எங்களைத் தாண்டிப் போனது. வாசலில் தொங்கியவர்களின் தோள்பைகள் எங்கள் ஜன்னலுக்கு எட்டும் தூரத்தில். “ஐயா, இந்தியாவில மாதிரி இங்கயும் கரண்ட் ரயில் விட்டா இந்தக் கரைச்சல் தீருமே?” என்று கேட்டேன்.

“எங்க விடுறது? அதுவும் எங்களுக்குப் பின்னாலதான் நிக்கும்.”

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு அது மண்டைக்குள் நின்றுவிட்டது. காரணம், மின்ரயிலோடு எனக்கு ஆறு வருடப் பழக்கம். இந்த நிகழ்வு ஆய்வு அந்த ஐயாவின் ஒரு வரியைச் சரிபார்க்கும் முயற்சிதான். எடுத்துக்கொண்ட உதாரணம் சென்னையின் கடற்கரை–தாம்பரம் பாதை.

ஏன் அந்தப் பாதை

தெற்காசியாவில் மின்ரயில் முதலில் ஓடியது பம்பாயில், 1925 பெப்ரவரி 3ஆம் தேதி. விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு. பெருமை அதற்குத்தான். ஆனால் கொழும்பைப் புரிந்துகொள்ள பம்பாய் உதவாது. அதன் அளவு வேறு, கூட்டம் வேறு. சென்னைப் பாதை கொழும்புக்குக் கிட்ட நிற்கிறது. அது ஒரு துறைமுக நகரம். நகரத்திலிருந்து ஒரு பக்கமாக நீண்டு போகும் புறநகர். அதே வழியால்தான் தூரத்து ஊர்களின் வண்டிகளும் வர வேண்டும்.

இன்னொரு பந்தமும் உண்டு. ஒரு காலத்தில் எழும்பூரில் ஏறிய பயணி தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் ஏறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்புக்குப் போனார். போட் மெயில் என்றால் எங்கள் அப்பப்பா தலைமுறைக்குத் தெரியும். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்தத் தனுஷ்கோடி வழி முடிந்தது. அந்தப் பயணத்தின் இந்தியப் பக்கத் தொடக்கம் எழும்பூர்–தாம்பரம். இலங்கைப் பக்கத்து முடிவு பொல்காவலை–ராகமை–கோட்டை. ஒரே பயணத்தின் இரண்டு நுனிகள், இரண்டும் ஒரு நகரத்தின் புறநகருக்குள்ளால் போகின்றன. ஒரு நுனியில் 1931இலேயே ஒரு முடிவு எடுத்தார்கள். மற்ற நுனியில் அதே முடிவைத்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அந்த முடிவு என்னவென்று பார்ப்போம். 1920களில் தென்னிந்திய ரயில்வே போட்ட திட்டத்தில் மின்கம்பி ஒரு பாதிதான். மற்றப் பாதி, புறநகர் வண்டிக்கும் மெயின்லைன் வண்டிக்கும் தனித்தனிப் பாதை. நிலையங்களைத் திருத்திக் கட்டினார்கள், கூடுதல் தண்டவாளம் போட்டார்கள், அதற்குப் பிறகுதான் 1931இல் மின்வண்டி ஓடியது. மீற்றர் பாதையில் (தண்டவாள இடைவெளி ஒரு மீற்றர்), 1,500 வோல்ற்று நேரோட்டத்தில் (டி.சி.). 1960களில் அது 25,000 வோல்ற்று ஆடலோட்டமாக (ஏ.சி.) மாறியது. 2004 ஜூலையோடு மீற்றர் பாதை மின்வண்டிகள் நின்று, எல்லாம் அகலப்பாதை. நம்முடைய தண்டவாளமும் அதே 1,676 மில்லிமீற்றர் அகலம்தான்.

‘சென்னையில் கரண்ட் ரயில் ஓடுகிறது’ என்று சொல்லும்போது நாம் கம்பியைத்தான் பார்க்கிறோம், கண்ணுக்குத் தெரிவது அதுதானே. கீழே எத்தனை தண்டவாளம், எது யாருக்கு என்று எண்ணிப் பார்ப்பவர் குறைவு.

மோட்டார் பெட்டிக்குள்

1990களில் நான் குரோம்பேட்டையில் ஒரு அறையில் இருந்தேன். வேலை பாரிமுனைப் பக்கம் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில். எரிந்த மோட்டார் வரும், பழைய செப்புக் கம்பியைப் பிய்த்தெடுத்து, புதுக் காயில் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காய வைத்துக் கொடுப்போம். இன்றைக்கும் திருகோணமலையில் அதே வேலைதான். கந்தளாய்ப் பக்க வயல்களின் தண்ணீர்ப் பம்புகள் என்னிடம்தான் வரும். ஆக, ரயிலில் ஏறினால் மற்றவர்கள் ஜன்னலோரம் தேடுவார்கள், நான் மோட்டார் பெட்டியைத் தேடுவேன்.

புறநகர் மின்வண்டிக்கு முன்னால் இழுக்கும் எஞ்சின் என்று ஒன்று கிடையாது. இப்போது ஓடும் அகலப்பாதை வண்டிகளில் மூன்று பெட்டிக்கு ஒரு மோட்டார் பெட்டி என்பது வழக்கமான அமைப்பு. பன்னிரண்டு பெட்டி என்றால் நான்கு. அந்தப் பெட்டியின் கூரையில் கம்பியைத் தடவிக்கொண்டு போகும் மடக்குச் சட்டம், அதுதான் பான்டோகிராஃப். 25,000 வோல்ற்றை இறக்கித் தரும் ட்ரான்ஸ்ஃபோமரும் அந்தப் பெட்டியில்தான். நான்கு அச்சுக்கும் ஒவ்வொரு மோட்டார். ஆக வண்டியின் நீளம் முழுக்க அங்கங்கே பதினாறு மோட்டார் ஒன்றாகத் தள்ளுகின்றன. ஒரு கனத்த வண்டிலை ஒரு மாடு இழுப்பதற்கும் வழிநெடுக ஆட்கள் நின்று தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. சக்கரம் வழுக்குவது குறைவு, கிளம்பும்போது உதறல் குறைவு.

நம்முடைய பவர் செட்டும் ஏறத்தாழ அந்த யோசனைதான். ஆனால் அது தன் டீசல் எஞ்சினையும் எண்ணெய்த் தாங்கியையும் சுமந்துகொண்டு போக வேண்டும். தன் எஞ்சின் தரும் குதிரைவலுவுக்கு மேல் ஒரு சொட்டும் கிடைக்காது. மின்வண்டிக்கு அந்தக் கட்டு இல்லை. கிளம்பும் அரை நிமிடத்துக்கு அள்ளி எடுத்துக்கொள்ளலாம், மறுபுறம் மின்நிலையம் நிற்கிறது. புது வண்டிகளில் பிரேக் போடும்போது மோட்டாரே டைனமோவாகி மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பி அனுப்பும். பத்து நிமிடத்துக்கு மூன்று தடவை நின்று கிளம்பும் வண்டிக்கு அது சின்ன இலாபம் அல்ல.

ஒரு காட்சி நினைவில் இருக்கிறது. வழியில் ஓரிடத்தில் திடீரென்று விளக்கெல்லாம் அணையும். மின்விசிறிகள் மெல்ல மெல்லச் சோர்ந்து, தகரத் தட்டுகள் தெரியும் அளவுக்கு வேகம் குறையும். மோட்டார் பெட்டியின் முனகல் நின்றுவிடும். வண்டி மட்டும் தன் வேகத்தில் சத்தமில்லாமல் உருண்டுகொண்டிருக்கும். முதல் நாள் நான் பயந்துபோனேன், ஷெல்லடிக் காலத்தில் கரண்ட் போனால் என்ன நடக்கும் என்று தெரிந்த ஆள். பக்கத்தில் இருந்தவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. சில செக்கன்களில் எல்லாம் மீண்டும் எரிந்தன. பிறகுதான் விளங்கியது. ஒரு துணைமின்நிலையத்தின் கம்பி முடிந்து அடுத்ததன் கம்பி தொடங்கும் இடம் அது. இரண்டும் வேறு வேறு பேஸ் (மின் கட்டம்), ஒன்றையொன்று தொடக்கூடாது. இடையில் மின்சாரம் இல்லாத ஒரு துண்டு விட்டிருப்பார்கள். சாரதி சுவிட்சைத் திறந்துவிட்டு உருண்டு தாண்ட வேண்டும். அந்த இடத்தில் வண்டி நின்றுவிட்டால் தானாக நகர முடியாது.

ஐந்து நிமிடக் கணக்கு

சரி, இப்போது கணக்கு. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஏறத்தாழ 29 கிலோமீற்றர், பதினெட்டு நிலையங்கள், பதினேழு இடைவெளி. சராசரியாக 1.7 கிலோமீற்றருக்கு ஒரு நிறுத்தம். இங்கே எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது முக்கியமில்லை. எவ்வளவு சீக்கிரம் வேகம் எடுக்கிறது என்பதுதான்.

ஒரு மின்வண்டி ஒவ்வொரு செக்கனும் தன் வேகத்தைச் செக்கனுக்கு அரை மீற்றர் கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீற்றரைத் தொட 33 செக்கன். ஒரு டீசல் வண்டி அதில் பாதி வீதத்தில் போனால் 67 செக்கன். வித்தியாசம் 34 செக்கன், ஆனால் அந்த நேரம் வண்டி சும்மா நிற்கவில்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே உண்மையான நட்டம் அதில் பாதி, பதினேழு செக்கன். பதினேழு தடவை கிளம்ப வேண்டும். 289 செக்கன். ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

அவ்வளவுதான். ஒரு மணி நேரப் பயணத்தில் கம்பி நேரடியாகத் தருவது ஐந்து நிமிடம்.

இந்த எண் வந்தபோது எனக்கே ஏமாற்றம். இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அப்புறம் இன்னொன்றைப் போட்டேன். இடையில் பதினாறு நிறுத்தம். கூட்டம் ஏறி இறங்கத் திணறி ஒவ்வொன்றிலும் இருபது செக்கன் கூடுதலாக நின்றால் 320 செக்கன். கம்பி தந்த ஐந்து நிமிடத்தை வாசல் தின்றுவிட்டு ஏப்பமும் விடுகிறது. சென்னை மின்வண்டியின் வாசல் அகலமானது, மேடையும் உயரம். ஒரு எட்டில் உள்ளே போகலாம். நம்முடைய பெட்டிகளில் பல இடங்களில் படி ஏற வேண்டும், வாசல் ஒடுக்கம். ஒரு அம்மா பையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஏறும் நேரத்தை ஒரு நாள் மருதானையில் எண்ணிப் பார்த்தேன். பதினொரு செக்கன். அவருக்குப் பின்னால் இன்னும் ஏழு பேர் நின்றார்கள்.

இனி மெயிலின் பங்கு. ராகமை–கோட்டை 15 கிலோமீற்றரை ஒவ்வொரு நிலையத்திலும் நிற்கும் வண்டி மணிக்கு 30 கிலோமீற்றர் சராசரியில் ஓடினால் அரை மணி நேரம். நிற்காத மெயில் 60இல் ஓடினால் கால் மணி. இரண்டும் ஒரே பாதையில் போக வேண்டும், முந்த முடியாது. மெயில் தடையில்லாமல் ஓட வேண்டுமென்றால் முன்னால் போகும் உள்ளூர் வண்டி புறப்பட்டு கால் மணி நேரம் கழித்துத்தான் மெயிலை விட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி விடுகிற பாதையில் அந்தக் கால் மணிக்குள் கிட்டத்தட்ட மூன்று வண்டியின் இடம் போய்விடும். மூன்று வண்டி நிறைய ஒஃபிஸ் சனம் ஒரு பக்கம், இரண்டரை மணித்தியாலம் பிந்தின திருகோணமலை மெயில் ஒரு பக்கம். கட்டுப்பாட்டறையில் நான் இருந்தாலும் மெயிலைத்தான் பின்னால் விடுவேன்.

கண்டி, பதுளை, யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு, திருகோணமலை, போதாக்குறைக்குப் புத்தளம். இத்தனை பக்க வண்டிகளும் அந்த ராகமை–கோட்டைத் துண்டுக்குள்ளால்தான் வர வேண்டும். அந்தப் பக்கம் பாதைகள் எண்ணிக்கையில் கூடத்தான், ஆனால் தூர வண்டியும் உள்ளூர் வண்டியும் கலந்தே ஓடுகின்றன. இதே இடத்தில் கம்பி போட்டு, அதே கலவையில் மின்வண்டி விட்டால் என்ன ஆகும்? அது சுறுசுறுப்பாகக் கிளம்பும், அடுத்த சிக்னலில் மெயிலுக்குப் பின்னால் நிற்கும். ஐயா சொன்னது கணக்கில் பிழைக்கவில்லை.

2018 ஜூலை 24

கம்பிக்கு இன்னொரு முகமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஆய்வு விளம்பரமாகிவிடும்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலையில் கடற்கரை–தாம்பரம் புறநகர்ப் பாதையில் மேல்கம்பிக் கோளாறு. மின்வண்டிக்கு மேல்கம்பி அறுந்தால் தண்டவாளம் இருந்தும் இல்லாததுபோல்தான். டீசல் வண்டி என்றால் பழுதான வண்டியை இழுத்து ஓரத்தில் விட்டுவிட்டு அடுத்ததை அனுப்பலாம். கம்பி பழுதானால் அந்தத் துண்டுக்குள் எந்த மின்வண்டியும் அசையாது. வண்டிகள் தடைப்பட்டன, மேடைகளில் கூட்டம் பெருகியது. ஓடிய சில வண்டிகளை விரைவு வண்டிகளுக்கான பாதையில் திருப்பிவிட்டார்கள்.

அப்படித் திருப்பிவிடப்பட்ட ஒன்று, கடற்கரையிலிருந்து திருமால்பூர் போகும் வண்டி. உள்ளே இடமில்லை, வாசல்களில் ஆட்கள் தொங்கினார்கள், பலருக்கு முதுகில் பை. புறநகர்ப் பாதையில் அவர்கள் தினமும் அப்படித்தான் போனார்கள், அங்கே எந்த இடத்தில் எது கிட்ட வரும் என்று உடம்புக்குத் தெரியும். ஆனால் பரங்கிமலை நிலையத்தில் விரைவுப் பாதையை ஒட்டி ஒரு கொங்கிறீட் தடுப்புச் சுவர். அந்தப் பாதையில் வழக்கமாகப் போகும் தூர வண்டிகளில் யாரும் அப்படித் தொங்குவதில்லை, ஆகவே அதுவரை அந்தச் சுவர் சும்மா ஒரு சுவர்தான். அன்றைக்கு வெளியே நீட்டியிருந்த பைகளும் உடம்புகளும் அதில் மோதின. ஆகக் குறைந்தது நால்வர் இறந்தார்கள், பலர் காயப்பட்டார்கள்.

நான் அந்த நிலையத்தில் எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறேன். செய்தி பார்த்த அன்று கடையைப் பூட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் கடற்கரையில் போய் இருந்தேன்.

ஒரு கம்பி அறுந்ததற்கும் ஒரு சுவரில் மோதிச் சாவதற்கும் நேரான தொடர்பில்லை. நடுவில் நான்கைந்து கொக்கிகள் இருக்கின்றன: மாற்று வழி குறைவு, வண்டி குறைவு, கதவு மூடாத பெட்டி, அந்தப் பாதைக்கு அந்நியமான கூட்டம். எல்லாக் கொக்கியும் ஒரே காலையில் மாட்டிக்கொண்டன. இதில் எனக்கு மிகவும் உறுத்துவது கடைசிக் கொக்கி. தனிப்பாதை நல்லது என்று மேலே எழுதினேன். பிரித்து வைத்த இரண்டு பாதையும் இரண்டு வகையான ஆட்களுக்காக வடிவம் எடுத்துவிடுகின்றன, ஒருவரை மற்றப் பாதையில் விடும் நாளில்தான் அது தெரிகிறது. தனிப்பாதை போடுகிறவர்கள் அவசரத்துக்கு ஒன்றை மற்றதாகப் பாவிக்கும் நாளையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

கதவு மூடும் வண்டி வந்திருந்தால் இந்தச் சாவுகள் நடந்திருக்காது. அந்தப் பாதைக்குக் கதவு தானாக மூடும் குளிரூட்டிய மின்வண்டி வந்தது 2025 ஏப்ரலில். ஆகக் குறைந்த கட்டணம் 35 ரூபா, சாதாரண வண்டியில் 5 ரூபா. 2018இல் வாசலில் தொங்கியவர்களில் எத்தனை பேர் அந்த 35ஐக் கொடுத்துத் தினமும் போயிருப்பார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். எனக்குச் சந்தேகம்தான்.

தொண்ணூறு வருடம் கழித்தும் அங்கே பாதை போடும் வேலை முடிந்திருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவில் நான்காவது பாதைக்காக, பக்கத்தில் ஓடும் பறக்கும் ரயிலை (பெரும்பாலும் தூண்மேல் போகும் நகர ரயில்) சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்திவிட்டார்கள். 2023 ஓகஸ்ட் கடைசியிலிருந்து 2024 ஒக்டோபர் கடைசி வரை. நாலேகால் கிலோமீற்றருக்குப் பதினான்கு மாதம். நகரத்தின் நடுவில் ஒரு தண்டவாளம் சேர்ப்பது அவ்வளவு பாடு. 1931இல் போட்டவர்களுக்குக் காணி காலியாகக் கிடந்தது.

கொழும்பில்

இங்கே யோசனை இல்லாமல் இல்லை. பாணந்துறைக்கும் வெயாங்கொடைக்கும் இடையே மின்மயமாக்கும் பேச்சு பல வருடப் பழசு. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு கொழும்பு புறநகர் ரயில் திட்டம் என்று ஆய்வுகளும் நடந்தன. களனிவெளிப் பாதையும் அதில் இருந்தது. அந்தப் பாதை ஒடுங்கிய பாதையாக இருந்து 1990களில் அகலப்பாதையானது. பழைய வளைவுகள் அப்படியே கிடக்கின்றன, தண்டவாளத்தை ஒட்டியே வீடுகள். ஒரு வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கும் போகும் வண்டிக்கும் இடையில் உடுப்புக் காயப்போடும் கொடி ஒன்றுக்குத்தான் இடம் என்ற நிலையை அங்கே கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பங்களுக்கு எங்கே வீடு என்ற கேள்விக்குப் பதில் வராமல் அங்கே இரண்டாவது தண்டவாளம் கிடையாது.

தண்டவாளம் வேண்டாம், தூணில் விடுவோம் என்று மாலபே–கோட்டை இலகு ரயிலுக்கு ஜப்பானோடு 2019இல் கடன் ஒப்பந்தம் போட்டார்கள். 15.7 கிலோமீற்றர், பதினாறு நிலையம். 2020 செப்டெம்பரில் இரத்து.

‘கரண்ட் இல்லாத நாட்டில் கரண்ட் ரயிலா?’ என்று எங்கள் கடையில் ஒருவர் கேட்டார். நியாயமான நக்கல். 2025 பெப்ரவரி 9ஆம் தேதி பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி முழு நாடும் இருண்டது. மின்ரயில் தொடங்கும் என்று சொல்லப்பட்ட அதே பாணந்துறை! அதை நினைத்து நான் தனியாகச் சிரித்தேன். ஆனால் 2022இல் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு இருந்தபோது டீசல் மட்டும் கிடைத்ததா? பவுசருக்குக் காத்து வரிசையில் படுத்தவர்களை மறந்துவிட்டோம். 2012 ஜூலையில் இந்தியாவின் வடக்கு முழுக்க மின்சாரம் போய் நூற்றுக்கணக்கான ரயில்கள் நடுவழியில் நின்றன, அதற்காக அவர்கள் கம்பியைக் கழற்றவில்லை.

எனக்குள்ள கவலை வேறு. எங்கள் மாவட்டத்தில் சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் வருவதாக இருந்தது, 2016இல் கைவிடப்பட்டது. இப்போது அங்கே 120 மெகாவாட் சூரிய மின்திட்டம், 2025 ஏப்ரலில் தொடக்கி வைத்தார்கள். அந்த வெயில் மின்சாரத்தில் கொழும்பு ரயில் ஓடும் என்று மேடையில் பேசுவது சுலபம். புறநகர் ரயிலுக்குக் கரண்ட் தேவைப்படும் நேரம் காலை ஏழு, பின்னேரம் ஆறு. சம்பூரில் வெயில் உச்சிக்கு வருவது பன்னிரண்டுக்கு. பின்னேரம் ஆறு மணிக்கு முழு நாடும் விளக்கைப் போடுகிறது, அதே நேரம் ரயிலும் இழுக்கும். சேமித்து வைக்காமல் இது பொருந்தாது.

சரி, திருகோணமலை வரைக்கும் கம்பி போட்டால்? சீனக்குடாவில் பிரிட்டிஷ்காரன் கட்டிய தொண்ணூற்றொன்பது எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்துக்கொண்டு மின்ரயில் போவது படத்துக்கு அழகாக இருக்கும். கணக்குக்கு அழகில்லை. மேலே சொன்ன பதினேழு செக்கனை எடுத்து, இருபது இடத்தில் நிற்கும் மெயிலுக்குப் போட்டுப் பாருங்கள். எட்டொன்பது மணிப் பயணத்தில் ஆறு நிமிடம்கூட மிஞ்சாது. நாளுக்கு விரல்விட்டு எண்ணும் வண்டிகளுக்கு முந்நூறு கிலோமீற்றர் செப்புக் கம்பியா? வைண்டிங் கடைக்காரனுக்குச் செப்பின் விலை தெரியும். யானைக்காட்டு ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்கு விலகி நிற்க இன்னும் ஒரு இடம் கட்டினால் அதைவிடக் கூடுதலாக மிஞ்சும்.

எங்களுக்கு வேண்டியது அந்தக் கடைசிப் பதினைந்து கிலோமீற்றரில் ஒரு வழி. கொழும்பில் புறநகர் வண்டிக்கென்று தண்டவாளம் பிரியட்டும், வாசல் அகலட்டும், மேடை உயரட்டும். அதற்குப் பிறகு கம்பி வந்தால் அதன் ஐந்து நிமிடம் ஐந்து நிமிடமாகவே பயணிக்குப் போய்ச் சேரும். பெரம்பூர் தொழிற்சாலையில் செய்த வண்டிகள் ஏற்கெனவே நம் தண்டவாளத்தில் ஓடுகின்றன. 2019 ஜனவரியில் யாழ்ப்பாணத்துக்கு விட்ட உத்தரதேவி அங்கே செய்ததுதான். வண்டி வாங்குவது ஒரு கையெழுத்து. தண்டவாளத்துக்குக் காணி எடுப்பதுதான் வருடக் கணக்கு.

அந்த நாளின் மிச்சக் கதை. கோட்டையில் இறங்கும்போது ஏழு நாற்பது. ஐயா கிளினிக் இலக்கம் போயிருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே பையைத் தூக்கினார். நான் பெற்றாவில் இரண்டு றோல் செப்புக் கம்பியும் வார்னிஷும் வாங்கிக்கொண்டு இரவு மெயிலுக்குத் திரும்பி வந்தேன். ஒஃபிஸ் சனமெல்லாம் வீடு போய்ச் சேர்ந்துவிட்ட நேரம். மேடையில் நாய்கள் படுத்திருந்தன. வண்டி நேரத்துக்குப் புறப்பட்டது, கையில் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மருதானையில் நின்றதையும் சேர்த்து, ராகமைக்கு இருபத்திரண்டு நிமிடம். காலையில் வந்த அதே பாதை, அதே டீசல் எஞ்சின்.